உம்மா பாட்டுக் கேட்கிறா

"அந்த வயரையும் எடுத்திரு புள்ள."

மர்ஷூதா மாமி எந்த வயரைச் சொல்கிறாள் என்று சிபானாவுக்கு உடனே விளங்கவில்லை. கையில் தண்ணீர் வாளி இருந்தது. இலந்தை இலை கசக்கிப் போட்ட தண்ணீர். மாமி குனிந்து, குளிப்பாட்டக் கிடத்தியிருந்த உம்மாவின் மையத்தின் முக்காட்டை மெல்ல விலக்கினாள். அப்போதுதான் சிபானா பார்த்தாள். வலது காதில் மாட்டியிருந்ததைப் பகலில் உம்மா சரிந்து கிடந்ததைக் கண்டவுடன் அவளே பிடுங்கியிருந்தாள். இடது காதில் இருந்தது இன்னும் அப்படியே இருந்தது. அதிலிருந்து இறங்கிய வெள்ளை வயர் சட்டைக் கழுத்துக்குள் போய், நெஞ்சில் கவ்வியிருந்த பச்சை நிறச் சின்னப் பெட்டியில் முடிந்தது.

எம்பித்ரீ, பாட்டுக் கேட்கிற சாமான். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நிறம் தேய்ந்து ஓரங்கள் வெளுத்திருந்தன.

சிபானா வாளியை வைத்துவிட்டு வயரை இழுத்தாள். முடியோடு சிக்கியிருந்தது. மாமி நிதானமாகச் சிக்கெடுத்துக் கொடுத்தாள். பெட்டியை எங்கே வைப்பதென்று சிபானாவுக்குத் தெரியவில்லை. மறைப்புக்குக் கட்டியிருந்த படுக்கை விரிப்புகளைத் தாண்டிப் போய், விறாந்தையில் உம்மாவின் சாய்வுக் கதிரையின் கைப்பிடியில் அதைத் தொங்கவிட்டு வந்தாள். திரும்பி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டாள். தண்ணீர் அவள் காலில் சிந்தியது. குளிரா சூடா என்று தெரியவில்லை.

"ஊத்து. மெல்ல ஊத்து. அவக்கு நோகாம."

ஊற்றினாள். மாமி உம்மாவின் வலது கையை எடுத்து மடக்கி, நீட்டி, விரல் விரலாகக் கழுவினாள். ஊரில் எத்தனையோ பெண்களைக் குளிப்பாட்டிய கை மாமியினுடையது.

"கைய பாரு சிபானா. எப்படி வளைஞ்சு குடுக்குது. சில மையத்து மரக்கட்டை மாதிரி நிண்டுக்கொள்ளும், நம்மதான் மல்லுக்கட்ட வேணும். ஒன்ட உம்மா சித்தி லெய்லா உசிரோட இரிக்கக்குளயும் ஆருக்கும் கரச்சல் குடுக்கல்ல, இப்பயும் குடுக்கல்ல. நல்ல மௌத்து புள்ள இது."

"ஓம் மாமி" என்றாள் சிபானா.

அழுகை வரவில்லை. பகலிலிருந்தே வரவில்லை. சவர்க்காரத்தை ஈரத்தில் விடாமல் கல்லின் மேல் எடுத்து வைக்க வேண்டும், கரைந்து போகும் என்று நினைத்தாள். எடுத்து வைத்தாள்.

மௌத்து எப்படி வந்தது என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முதலில் கேட்ட பெண்ணுக்குச் சிபானா உள்ளதைச் சொன்னாள். "கதிரையில இருந்து பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தா. லுஹர் பாங்கு சொன்ன பொறகு, தொழுகைக்கு ஒளு எடுக்க எழுப்பப் போனன். தலை சரிஞ்சிருந்தது." அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "பாட்டா?" என்றாள். பிறகு வந்தவர்களிடம் சிபானா பாட்டைச் சொல்லவில்லை. ஆனால் கதை அவளுக்கு முன்னாலேயே வேலி தாண்டிவிட்டது. சித்தி லெய்லா காதில் பாட்டோடு மௌத்தாகிவிட்டாளாம். கலிமா கேட்க வேண்டிய காதில் பாட்டாம்.

அந்த வீட்டில் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. உம்மா அதைக் காதில் மாட்டியிருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. சோறு வேண்டுமா என்று கேட்பதில்லை. பக்கத்தில் நடந்தாலும் நிற்பதில்லை. "உம்மா பாட்டுக் கேட்கிறா" என்றால் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம். காலையிலிருந்து சிபானா அந்தக் கதிரையைக் கடந்து எத்தனை தரம் போய் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வாப்பா கடலில் மௌத்தான பிறகு உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது தம்பி றிப்னாஸ் தவழ்ந்து திரிந்தான். பிள்ளைகள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார்கள். குவைத்தில் மடம், அந்த வீட்டு எசமானி, உம்மாவின் போனை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்துக் கொடுப்பாள். இந்தப் பச்சைப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதால் யாரோடும் கதைக்க முடியாது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அப்படித்தான் அது உம்மாவோடு தங்கியது. உம்மா திரும்பி வந்து, தான் கட்டிய இந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து, அதே வீட்டின் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியும் கூட வந்து உட்கார்ந்தது.

சிபானாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் உம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், சீனி போடாமல் தேத்தண்ணி ஊற்றினாள். எல்லாம் செய்தாள். செய்துகொண்டே களைத்தாள். களைத்த மனிசர் கதைக்கிற கதை எல்லார் வீட்டிலும் உண்டு.

இன்றைக்குக் காலையில் அவள் குசினி வாசலில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் அஃப்ராஸ் விடிய வலையில் எடுத்து வந்த கீரி மீன். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் உம்மாவின் கதிரை. உம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து வெள்ளை வயர் இறங்கியது. போன் அடித்தது. மதுரங்குளியிலிருந்து றிப்னாஸ். கை மீனில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"நோன்பு வரைக்கும் உம்மாவ வெச்சுக்கொள்ளுங்க ராத்தா. பொறகு பாப்பம்."

"பொறகு, பொறகு எண்டு எத்தின நோன்பு போச்சி? எனக்கு ஏலாடா தம்பி. கொஞ்ச நாளைக்கு நீ கூட்டிட்டுப் போ."

"சத்தம் போடாதீங்க. உம்மா எங்க?"

"இந்தா முன்னுக்குத்தான் இரிக்கா. காதுல மாட்டியிரிக்கா. கேக்காது."

அதற்குப் பிறகு றிப்னாஸும் குரலை இறக்கவில்லை.

"என்ட வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டா ராத்தா. உம்மா கதைக்காம இரிக்கிற இருப்பு அவளுக்குப் பயமாம். ஆரோ வழிப்போக்கர் வந்து வீட்டுக்குள்ள இரிக்கிற மாதிரியாம்."

"எனக்கு மட்டும் எப்படி இரிக்குது எண்டு நெனக்கிறா? நம்மள வளத்தது பெரியம்மாடா. எனக்கு நெனப்புத் தெரிஞ்ச உம்மா ஒரு போன் சத்தம். வெள்ளிக்கிழமையில வார போன் சத்தம். இப்ப ஒரு மனிசியக் கொண்டு வந்து வெச்சு, இதுதான் ஒன்ட உம்மா, பாரு எண்டா? எனக்கு வருதில்ல தம்பி. நானும் பாக்கிறன். வருதில்ல."

இதைச் சொன்னபோது கத்தி மீனின் வயிற்றில் இருந்தது. கழிவை ஒதுக்கி, கையைக் கழுவி, போனை நிறுத்தினாள். சொன்னது மனதில் ஏதோ செய்தது போலும், எழும்பிப் பால் இல்லாத பிளேன்டி ஊற்றினாள். சீனி வருத்தக்காரிக்குக் கொடுக்கக் கூடாத கருப்பட்டித் துண்டொன்றையும் எடுத்தாள். கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்து முக்காலியில் வைத்து, ஈ விழாமல் மூடியைப் போட்டு, மூடி மேல் கருப்பட்டியை வைத்தாள். உம்மாவைத் தொடவில்லை. உம்மா பாட்டுக் கேட்கிறா.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். றிப்னாஸ் முன்பக்கத்தில் தோள் கொடுத்தான். மதுரங்குளியிலிருந்து வந்த வேகத்தில் போட்டிருந்த சேட்டைக்கூட மாற்றியிருக்கவில்லை. கடைப் பேர் அடித்த சேட்டு. படலையைத் தாண்டும்போது ரோட்டில் நின்ற கழுதையொன்று விலகாமல் நின்றது. அஃப்ராஸ் தட்டிவிட்ட பிறகுதான் விலகியது. சிபானா அந்தக் கழுதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆம்பிளைகள் போன பிறகு பெண்கள் விறாந்தையில் பாயில் உட்கார்ந்தார்கள். உம்மாவின் கதிரையில் யாரும் உட்காரவில்லை. மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேத்தலில் தேத்தண்ணி கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வாய் குடித்த பிறகு மர்ஷூதா மாமி தொடங்கினாள்.

"குவைத்துக் கதை சொல்லியிருக்காளா ஒங்களுக்கு? அந்த மடமும் மடத்துட தங்கச்சியும் இவட மொகத்துக்கு முன்னாலயே இவள ஏசுவாங்களாம். காதுல மாட்டியிரிக்கா, கேக்காதுதானே எண்டு. இவ என்ன செய்வா? பாட்ட நிப்பாட்டிருவாவாம். நிப்பாட்டிட்டு, தலைய மட்டும் ஆட்டி ஆட்டிச் சட்டி கழுவுவாவாம்."

"அல்லாவே" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"'நான் அரபு படிச்சது அப்படித்தான் மர்ஷூதா, ஏச்செல்லாம்தான் மொதல்ல வந்திச்சி' எண்டா. லீவு தர மாட்டம் எண்டு அதுகள் பேசிக்கொண்டதையும் அப்படித்தான் கேட்டாவாம். கேட்டிட்டு ஒண்டுமே காட்டாம இருந்தாவாம். கள்ளி."

எல்லாரும் சிரித்தார்கள். சிபானாவும் சிரித்தாள். சிரித்தது முகத்தில் கொஞ்ச நேரம் இறங்காமல் நின்றது.

மையவாடியிலிருந்து ஆம்பிளைகள் திரும்பி வந்தார்கள். கால் கழுவிவிட்டு முற்றத்தில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கதிரைகளில் உட்கார்ந்தார்கள். விறாந்தை யன்னல் திறந்திருந்தது. அந்தப் பக்கம் கதைப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்டது. களப்பிலிருந்து வந்த காற்று தறப்பாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

பதியுதீன் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். பள்ளி நிருவாகத்தில் இருப்பவர். உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

"எல்லாம் அல்லாட நாட்டம். ஆனா கடேசி நேரத்துல காதுல பாட்டுச் சாமான் இருந்த எண்டு பொம்பளைகள் கதைக்கிறாங்க. மனசுக்குச் சங்கடமா இரிக்கு. இப்பிடியான சாமான இன்னும் ஏன்தான் செய்றானுகளோ."

"இப்ப செய்றானுகள் இல்ல ஹாஜியார்" என்றான் அஃப்ராஸ். "நிப்பாட்டிட்டானுகள். கேளுங்களன், இவர்தான் போன் கடைக்காரர்."

"அதெல்லாம் முடிஞ்ச கதை மச்சான்" என்றது றிப்னாஸின் குரல். "போன்ல டோர்ச் இரிக்கு, கெமரா இரிக்கு, ஓதல் இரிக்கு, பாட்டு இரிக்கு. அதுக்குப் பொறகு பாட்டுக்கு மட்டும் தனிப் பெட்டி எதுக்கு? கம்பெனிக்காரன் நிப்பாட்டினது சரிதான்."

"நீ கடையில இருந்து சொல்றா. கடலுக்கு வந்து பாரு. போன்ல பாட்டுப் போட்டா அரைவாசியில நீ கோல் எடுப்பா, 'மச்சான் மீன் பட்டுதா' எண்டு. பட்ட மீனும் ஓடிரும். அந்தச் சின்னச் சாமான் பாவம், ஒண்டும் கேக்காது. பாட்டு, அதோட சரி."

யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"உம்மாவும் இதைத்தான் சொன்னா" என்றான் றிப்னாஸ். "நல்ல போன் ஒண்டு கொண்டு வந்து குடுத்தன். 'அதுல ஆக்கள் வருவாங்க மவன், இதுல ஒத்தரும் வர மாட்டாங்க' எண்டா."

"அதுக்கு, மௌத்து நேரத்துலயும் பாட்டா?" ஹாஜியார் விடவில்லை. "காதுல கடேசியா விழுந்த சத்தம் என்னவா இருந்திச்சோ, பாவம்."

அங்கே ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது. றிப்னாஸின் குரல் உயர்ந்தது.

"பாட்டெல்லாம் ஒண்டும் கேக்கல்ல ஹாஜியார். என்ட உம்மாவப் பத்தி அப்படிக் கதைக்க வேணாம். அதுல பெட்டரியே இல்ல."

"பெட்டரி இல்லயா?"

"இல்ல. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்ன கடைக்குக் கொண்டு வந்தா. பெட்டரி ஊதிப் போயிருந்தது, வெடிச்சிரும் எண்டு நான்தான் என்ட கையால கழட்டினன். வேற தேடினன், கொழும்பிலயும் இல்ல. உம்மா சொன்னா, 'பரவால்ல மவன், கூட்டைத் தா' எண்டு. வெறுங்கூட்டை என்ன செய்யப் போறீங்க எண்டு கேட்டன். 'மாட்டிக்கிட்டு இரிக்கத்தான்' எண்டு சிரிச்சா. நம்பாட்டி அந்தச் சாமானக் கொண்டு வாறன், தொறந்து பாருங்க. உள்ளுக்கு ஒண்டுமில்ல. பாங்குதான் கேட்டிருக்கும் அவட காதுல. வேற என்ன கேக்கும்?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹாஜியார். குரலில் உண்மையான நிம்மதி இருந்தது. "அப்ப பாவத்த நம்ம கட்டிக்கப் பாத்தம். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

விறாந்தையிலும் அந்த நிம்மதி பாய் பாயாகப் பரவியது. "கேட்டீங்களா? பாட்டு இல்லயாம்." "நான் அப்பயே சொன்னன்." பாட்டென்று முகம் சுளித்த பெண் சிபானாவின் கையைப் பிடித்து, "உம்மா சுத்தமாப் போயிட்டா புள்ள" என்றாள். மர்ஷூதா மாமி மட்டும் கோப்பையை மடியில் இறக்கினாள். சற்று முன் தான் சொன்ன குவைத்துக் கதை அவளுக்கே திரும்பக் கேட்டதோ என்னவோ, கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிபானா கையைக் கொடுத்துவிட்டு இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பிருந்து. அந்த அரைச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னவெல்லாம் கதைத்தோம் என்று ஒவ்வொன்றாக எடுக்கப் பார்த்தாள். எதுவும் கைக்கு வரவில்லை. இன்றைக்குக் காலையில் சொன்னது மட்டும் வந்தது. அதுவும் தன் குரலில் வரவில்லை. யாரோ மடத்தின் குரலில் வந்தது.

உம்மா அதற்கு முன்னாலேயே போயிருக்கலாமே. விடிய சுபஹோடு போயிருக்கலாமே. கண்ணை மூடித்தானே சாய்ந்திருந்தாள். அந்த நினைப்பு வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமியின் கையில் மடங்கி நீண்ட உம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. எப்படி வளைஞ்சு குடுக்குது.

"மாமி."

"என்ன புள்ள?"

"விடிய மௌத்தாகியிருந்தா, குளிப்பாட்டக்குள கை..." அவ்வளவோடு நிறுத்தினாள்.

மர்ஷூதா மாமி அவளைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் திறந்தவள் போலத் திறந்தாள். பிறகு தன் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குக் கிட்ட ஆட்கள் குறைந்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தராய் எழும்பிப் போனார்கள். வெளியே அஃப்ராஸ் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற சத்தம் கேட்டது. றிப்னாஸ் விறாந்தைக்கு வந்தான். கைப்பிடியில் தொங்கிய பச்சைப் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். ஹாஜியாரோடு வாதாடிய சூடு அவன் முகத்தில் இல்லை.

"ராத்தா."

"ம்."

"காலையில மாட்டியிரிக்கா எண்டு சொன்னீங்களே. வேணாம் எண்டாலும் கடேசில நான் குடுத்த போன்ல கேக்குறா எண்டுதான் நெனச்சன்."

"அது பெட்டியும் ஒடைக்காம அலுமாரியில இரிக்கு."

அவன் தலையாட்டினான். பெட்டியின் வயரை எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான்.

"நம்ம கதைக்கக்குள... போன ஒங்கட காதுல வெச்சிருந்தீங்கதானே?"

சிபானா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஒரு செதில் இன்னும் ஒட்டியிருந்தது. மையத்துக் குளிப்பாட்டிய தண்ணீரிலும் போகாமல் இருந்திருக்கிறது.

"மீன் வெட்டிக்கிட்டிருந்தன்" என்றாள்.

றிப்னாஸ் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் குந்தினான். பள்ளியில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்கள்.

முக்காலியை யாரோ காலால் தள்ளிக் கதிரைக்கு அடியில் விட்டிருந்தார்கள். சனம் வந்த அவசரத்தில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. சிபானா குனிந்து இழுத்தாள். காலையில் அவள் வைத்த கோப்பை அதன் மேல் அப்படியே இருந்தது. மூடி போட்டிருந்தது. மூடியின் மேல் கருப்பட்டி இல்லை.

மூடியைத் தூக்கினாள்.

கோப்பையில் தேத்தண்ணி இல்லை. அடியில் தேயிலைத் தூள் ஒரு வட்டமாகக் காய்ந்திருந்தது, அதன் மேல் பாதிக் கருப்பட்டி கிடந்தது. உம்மா குடித்திருக்கிறாள். குடித்து முடித்து, கருப்பட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தின்று, மற்றப் பாதியைக் கோப்பைக்குள் போட்டு மூடியிருக்கிறாள். எந்த இனிப்புக் கொடுத்தாலும் உம்மா அப்படித்தான். பாதியை வைத்துவிடுவாள். ஆருக்கு உம்மா வைக்கிறீங்க, எறும்பு வருதே என்று சிபானா சத்தம் போடுவாள். உம்மா காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பாள், கேட்கவில்லை என்று.

விளிம்பில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. சிபானா அதை ஊதிவிட்டாள். கோப்பையைத் தம்பியின் பக்கம் நீட்டினாள். அவன் உள்ளே பார்த்தான். எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"சிபானா!" முற்றத்திலிருந்து அஃப்ராஸ் கூப்பிட்டான். "கேக்குதா? லைட்டப் போடு."

சிபானா மூடியை எடுத்து, இடைவெளி இல்லாமல் சரியாகப் பொருத்தி, கோப்பையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.